டிடெக்டர் வாங்கியாச்சு, தோண்ட எதை வாங்குவது?

மெட்டல் டிடெக்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் அதன் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெட்டியைப் பிரித்து, காயிலை (தரைக்கு மேல் வீசும் வட்டத் தட்டை) மாட்டி, கொல்லையில் ஒரு சுற்று வந்ததும் எங்கேயோ 'டிங்' என்று கேட்கும். தோண்டக் கையில் ஒன்றும் இல்லையே என்பது அப்போதுதான் உறைக்கும். உடனே அடுப்படிக்கு ஓடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அயித்தை வீட்டுத் தோசைத்திருப்பி ஒன்று முதல் நாளே வளைந்து போனது. ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

அதற்கடுத்து ஆன்லைனில் ஒரு மடக்கு ஷவல் வாங்கினேன். படத்தில் ராணுவச் சாமான் போல இருந்தது. பள்ளத்தூர் பக்கம் ஒரு தோப்பில், சரளை மண்ணில், காலால் மூன்றாவது மிதி மிதித்ததும் மடங்கும் இடத்திலிருந்த ரிவெட் பிய்ந்து தகடு மட்டும் மண்ணில் நின்றது. அன்று தேடப் போனது ஒரு பாப்பாவின் தோடு. கடைசியில் தோட்டக்காரர் கொடுத்த களைக்கொத்தால் எடுத்தோம்.

இந்த இரண்டு செலவும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்து மண்ணை மனதில் வைத்துச் சொல்கிறேன். தஞ்சாவூர் வண்டல்காரர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

வாங்கும் முன்: எங்கே தோண்டப் போகிறீர்கள்?

இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் 'செட்டியார் வீட்டுப் புதையல்' என்ற பேச்சு காற்றில் உலவிக்கொண்டே இருக்கும். டிடெக்டரோடு தெருவில் நடந்தால் நாலு பேர் பின்னால் வருவார்கள். அவர்களிடம் நான் சட்டத்தைச் சொல்வேன், பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுத வேண்டும். மறைத்தால் அவருக்கு வர வேண்டிய பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அவற்றைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. திருமயம் கோட்டைக்குப் பக்கத்தில் டிடெக்டரை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். கீழடி இருப்பதும் எங்கள் சிவகங்கை மாவட்டத்தில்தான். எங்கேயாவது கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகளோ தாழியின் விளிம்போ கண்ணில் பட்டால் கருவியைக் கீழே வைத்துவிட்டு வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். நாம் கிண்டிவிட்ட மண் அடுக்கைத் திரும்ப அடுக்க யாராலும் முடியாது.

அப்படியென்றால் மிச்சம் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. தொலைந்த தோடு, மோதிரம், திருகாணி, கொலுசுத் திருகு. மண்ணுக்குள் போன மோட்டார் பைப், மூடிப்போன கேட்வால்வு. பூட்டியே கிடக்கும் வீட்டுக் கொல்லையில் விழுந்த சாவிக்கொத்து. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வெளியூரிலிருந்து எல்லோரும் வந்து போன பிறகு எனக்கு இரண்டு மூன்று அழைப்பாவது வரும். இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கி, அவர் கண்ணெதிரே தோண்டும் வேலை இது. ஊருணிக் கரையையும் கண்மாய்க் கரையையும் தொடக் கூடாது. கரையில் போட்ட ஒரு சிறு குழி ஐப்பசி மழையில் எவ்வளவு பெரிதாகும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த வேலைக்குப் பெரிய கருவி தேவையில்லை. தொலைந்த பொருள்கள் பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான் கிடக்கும். சாதாரண டிடெக்டருக்கும் நாணய அளவுப் பொருளென்றால் 15 முதல் 25 செ.மீ. வரைதான் நம்பிக்கையாகக் கேட்கும். அதனால் ஒரு சாண் மண்ணைச் சுத்தமாக, கட்டுப்பாட்டோடு, வளையாமல் எடுக்கும் கருவியாக இருந்தால் போதும். மம்பட்டி இருக்கிறதே என்பீர்கள். மம்பட்டி ஓங்கி வெட்டும் சாமான். கிணறு தூர்வாரவும் பாத்தி கட்டவும் அதற்கு நிகர் கிடையாது, ஆனால் எட்டு அங்குல அகலத் தகடு எங்கே போய் இறங்கும் என்று உங்களுக்கே தெரியாது. கடப்பாரை அதைவிட மோசம், மோதிரத்தின் நடுவில் இறங்கினால் முடிந்தது கதை. இரண்டும் வண்டியில் இருக்கட்டும். இறுகிய மண்ணைச் சுற்றிலும் நெகிழ்த்திவிடக் கடப்பாரை உதவும், சிக்னலுக்கு நேர் மேலே மட்டும் அதற்கு வேலை இல்லை.

மண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்

செட்டிநாட்டு மண்ணில் மூன்று வகை உங்களுக்கு மாறி மாறி வரும்.

முதலாவது செம்புறாங்கல்லும் அதன் சரளையும். ஈரத்தில் வெட்டலாம், காற்றுப்பட்டுக் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கேரளத்து அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, 1807இல் வெளிவந்த தன் நூலில், லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதற்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். சித்திரை வெயிலில் இதில் ஷவலை இறக்கிப் பார்த்தவர்களுக்குப் பெயர்க்காரணம் விளக்க வேண்டியதில்லை. இதில் இரும்பு ஆக்சைடு அதிகம். சில சரளைக் கற்களைக் கையிலெடுத்துக் காயிலுக்கு முன்னால் காட்டினால் கல்லே கத்தும். டிடெக்டரில் கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சத்தத்தை ஒதுக்கும் அமைப்பு) சரிசெய்தாலும் பொய்ச் சத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆகவே இங்கே மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகக் குழி தோண்டுவீர்கள், அதுவும் கடினமான மண்ணில். கருவி உறுதியாக இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, இடித்த வீட்டு மனை. பெரிய வீடுகளைப் பிரித்து மரமும் தூணும் போன பிறகு, மிஞ்சிய மண்ணில் ஓட்டுத் துண்டு, செங்கல், காரை, ஆத்தங்குடிக் கல்லின் சில்லு, கைக்கு அடங்காத அளவு ஆணி. அகலமான தகடு இங்கே எங்கேயும் இறங்காது. குறுகலாக, கூர்முனையோடு, நெம்பினால் வளையாத கைக்கருவி வேண்டும். கூடவே பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று. குழியிலிருந்து எடுத்த மண்ணில் அதைத் துழாவினால் ஆணிகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அரை மணி நேரம் மிச்சம்.

மூன்றாவது தோப்பும் கரம்பை போட்ட தோட்டமும். மண் இளகும், ஆனால் வேர் இருக்கும். சீமைக்கருவேல் வளர்ந்த இடத்தில் வேரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஓரத்தில் அரிவாள் பல் மாதிரிப் பல் வெட்டிய தகட்டின் அருமை இங்கே தெரியும்.

நீளமா, குட்டையா

இரண்டு கருவி வைத்துக்கொள்வதுதான் சரி. ஒன்றுதான் முடியும் என்றால் குட்டையானதை முதலில் வாங்குங்கள்.

குட்டை என்றால் மொத்தம் 30 செ.மீ. அளவு, அதில் தகடு 15 செ.மீ. நீளம், 5 அல்லது 6 செ.மீ. அகலம். ஒரு கத்திக்கும் கொத்தனார் கரண்டிக்கும் நடுவில் பிறந்த பிள்ளை போல இருக்கும். கரண்டியையே வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்காதீர்கள். கொத்தனார் கரண்டி சாந்தை அள்ளவும் பரப்பவும் செய்தது, சரளையில் நெம்பினால் கழுத்து ஒடியும்.

நீளமானது முழங்கால் போட முடியாதவர்களுக்கும், நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கும். மொத்தம் 75 முதல் 80 செ.மீ., மேலே 'டி' எழுத்துப் போலக் குறுக்குப் பிடி. தகடு 22 செ.மீ. நீளம், மேலே 11 செ.மீ. அகலத்தில் தொடங்கிக் கீழே குறுகி முனையில் கூராக முடிய வேண்டும். காலால் மிதிக்கத் தகட்டின் மேல் விளிம்பு இரண்டு பக்கமும் மடக்கி விட்டிருக்க வேண்டும், அந்த விளிம்பு விரல் அகலம் கூட இல்லாத ஷவலை நான் வாங்க மாட்டேன். பாதம் வலிக்கும், வழுக்கும். செருப்புக் காலோடு மிதிக்கவே கூடாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. கனமாக இருந்தால் உறுதி என்று நினைத்து இரண்டரை கிலோ சாமானை வாங்கி, மதியத்துக்குள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. நீளமான கருவி ஒன்றரை கிலோவுக்குள், குட்டை அரைக் கிலோவுக்குள் இருப்பது நல்லது.

கடையில் நின்று சோதிப்பது

மம்பட்டி, கடப்பாரை என்றால் டாடா அக்ரிகோ மாதிரிப் பெயர் தெரிந்த சரக்கு எல்லா இரும்புக் கடையிலும் இருக்கும், யோசிக்க வேண்டாம். டிடெக்டர் வேலைக்கென்றே செய்த ஷவல் நம் ஊர்க் கடையில் கிடைப்பது அரிது. தோட்ட வேலைக்கு வரும் ஷவல்களில் ஒன்றைப் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வரவழைக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் பட்டறையில் அடித்து வாங்க வேண்டும். எதுவானாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

முதலில் தகடும் பிடியும் சேரும் இடம். நான் பார்த்த உடைந்த கருவிகளில் பத்தில் எட்டு அங்கேதான் உடைந்திருந்தன. நெம்பும்போது பலம் எல்லாம் அந்தக் கழுத்தில் வந்து நிற்கிறது. மெல்லிய தகட்டை வளைத்துக் குழாய் மாதிரி ஆக்கி, அதற்குள் கட்டையைச் செருகி ஒரே ஒரு ஆணி அடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஷவலைக் கவிழ்த்துப் பின்பக்கம் பாருங்கள். கழுத்திலிருந்து தகட்டின் நடுவரை ஒரு முதுகெலும்பு ஓடி, அந்த இடம் முழுக்க மூடியிருந்தால் நல்லது. திறந்த பள்ளமாக இருந்தால் அதில் மண் அடைத்துக்கொள்ளும், வளையவும் செய்யும். இரும்புக் குழாய்ப் பிடியாக இருந்தால் வெல்டிங் சுற்றிலும் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நாலு புள்ளி வைத்துவிட்டு மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். பெயின்ட் எதையும் மறைக்கும்.

இரண்டாவது தகட்டின் கனம். 1.5 மி.மீ. தகட்டில் அச்சடித்தவை தொட்டி மண்ணுக்குப் போதும். நமக்குக் குறைந்தது 2.5, முடிந்தால் 3 மி.மீ. கடைக்காரரிடம் ஸ்கேல் இருக்கும். குழாயின் சுவரும் அப்படியே. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை மறந்துவிடாதீர்கள். 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 14 கேஜ் என்றால் 2 மி.மீ. 'பதினெட்டு கேஜ் சார், ஹெவி' என்று ஒருவர் என்னிடமே சொன்னார்.

மூன்றாவது இரும்பின் தரம். இதற்கு லேபரட்டரி வேண்டாம். ஒரு சின்ன அரம் கொண்டுபோங்கள். ஓரத்தில் இழுத்துப் பார்த்தால், வெறும் இரும்பில் அரம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். கெட்டிப்படுத்திய எஃகில் வழுக்கிக்கொண்டு போகும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், பின்பக்கம் தெரியாத இடத்தில் ஒரு இழுப்புப் போதும். அடுத்து, பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு தகட்டைச் சாவியால் தட்டுங்கள். மணி மாதிரி நீளமாக ஒலித்தால் உள்ளே விரிசலோ ஆட்டமோ இல்லை. தகரடப்பா மாதிரி 'டப்' என்றால் எங்கேயோ தளர்ந்திருக்கிறது. கடைசியாக, முனையைத் தரையில் ஊன்றிச் சும்மா ஒரு நெம்பு. கொஞ்சம் வளைந்து திரும்ப நேராக வர வேண்டும். வளைந்தது வளைந்தபடி நின்றால் அது தோசைத்திருப்பிதான்.

ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா என்று கேட்பார்கள். துருப் பிடிக்காது, ஈர மண் ஒட்டாது, பார்க்க அழகு. காந்தம் ஒட்டாத 304 வகை ஸ்டெயின்லெஸ் அடிபட்டால் ஒடியாது, ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும், வளையும். காந்தம் ஒட்டும் வகையில் கத்திக்குப் போடும் எஃகும் உண்டு, அதைப் பதம் வைத்திருந்தால் முனை நிற்கும். சரளை மண்ணுக்கு என் ஓட்டு சாதாரண ஸ்பிரிங் எஃகுக்குத்தான். துருவை எண்ணெயால் சமாளித்துக்கொள்ளலாம், வளைந்த முனையை எதனால் சமாளிப்பது?

மரப்பிடி என்றால் கருவேலங்கட்டை. மம்பட்டிக் கணைக்கு ஊரில் காலங்காலமாக அதைத்தான் போடுகிறார்கள், அதிர்ச்சியைத் தாங்கும். நண்பர் ஒருவர் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் பர்மாத் தேக்கில் ஒரு ஜன்னல் சட்டம் வாங்கி, அதைச் சீவிப் பிடி போட்டார். பார்க்க ராஜா செங்கோல் மாதிரி இருந்தது. தேக்கைப் பூச்சி அரிக்காது, மழை ஒன்றும் செய்யாது, ஆனால் நெம்பும் அடியைக் கருவேலம் தாங்குவது போலத் தாங்காது. இரண்டாம் மாதம் கழுத்தில் நீளமாகப் பிளந்தது. மர ரேகை பிடியின் நீளத்தோடு நேராக ஓடுகிறதா என்றும் அவர் பார்த்திருக்கவில்லை. குறுக்கே ஓடும் ரேகை உள்ள கட்டை எந்த மரமானாலும் ஒடியும்.

பட்டறையில் அடித்து வாங்குவது

எனக்குப் பிடித்த வழி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு இரும்படிக்கும் கை புதிதல்ல. திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் தமிழ்நாட்டுக்கே தெரியும். அரிவாளுக்குப் போடும் லாரிப் பட்டையே நமக்கும் போதும். அது ஸ்பிரிங் எஃகு. கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும், வெறும் இரும்பில் பெரும்பாலும் 0.2ஐத் தாண்டாது. வளைந்தாலும் திரும்ப வரும் குணம் அங்கேயிருந்து வருகிறது. பழைய இரும்புக் கடையில் எடுத்த பட்டைதானா என்று சந்தேகம் வந்தால் கிரைண்டரில் ஒரு முறை தொடச் சொல்லுங்கள். வெறும் இரும்பு நீளமான, கிளை இல்லாத பொறிகளை விடும். கார்பன் ஏறிய எஃகின் பொறி மத்தாப்பு மாதிரி நுனியில் வெடித்துப் பூக்கும்.

கொல்லரிடம் போகும்போது அட்டையில் அளவை வெட்டிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் அவர் மனதில் களைக்கொத்துதான் வரும். நான் போன அன்று நடந்த பேச்சு இது:

'அண்ணே, இந்த அட்டை மாதிரியே தகடு வேணும். பட்டையை நாலு மில்லிக்கு அடிச்சு மெலிசாக்கணும்.'

'இது எதுக்குத் தம்பி, கிழங்கு தோண்டவா?'

'மோதிரம் தோண்டண்ணே.'

அவர் சம்மட்டிக்காரரைப் பார்த்தார், சம்மட்டிக்காரர் என்னைப் பார்த்தார். வேலை முடியும் வரை இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் வாங்கப் போன அன்று மட்டும் கொல்லர், 'மோதிரம் கிடைச்சுதா?' என்றார்.

மூன்று விஷயத்தைக் கொல்லரிடம் முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். ஒன்று, பதம். செந்தழல் நிறத்தில், காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே போனதும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். சிலர் பழக்கத்தில் தண்ணீரில் போடுவார்கள், இந்த வகை எஃகு தண்ணீரில் வெடிப்பு விடலாம். தோய்த்ததோடு விட்டால் கண்ணாடி போல நொறுங்கும். அதனால் கறுப்பைத் தேய்த்து வெள்ளையாக்கி மறுபடி இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். வைக்கோல் நிறம் வந்து, ஊதா ஆகி, கருநீலம் வரும்போது நிறுத்தினால் ஸ்பிரிங் குணம் கிடைக்கும். அரிவாள் வாய்க்கு அதற்கு முன்பே நிறுத்துவார்கள். நமக்கு வாய் கொஞ்சம் மழுங்கினாலும் பரவாயில்லை, ஒடியக் கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு, பிடியை இணைப்பது. பதம் வைத்த தகட்டைக் கொண்டுபோய் வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் கெட்டது காரியம். கார்பன் உள்ள எஃகில் வெல்டிங் ஓரம் சட்டென்று ஆறும்போது அந்த ஓரமே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெல்டிங் அப்படியே இருக்கும், அதற்கு அரை அங்குலம் தள்ளிக் கோடு கிழித்தது போல ஒடியும். என் முதல் பட்டறைக் கருவி அப்படித்தான் போனது, தப்பு கொல்லர் மேல் இல்லை, அவசரப்பட்டு வெல்டிங்குக்கு எடுத்துப் போன என் மேல்தான். பட்டையின் மேல்பகுதியை நீட்டி அடித்து, அதை மடக்கிப் பிடி நுழையும் பூண் போல் ஆக்கி, இரண்டு ரிவெட் அடித்து முடுக்குவது நல்ல வழி. வெல்டிங்தான் வேண்டுமென்றால், இணைக்கும் இடத்தை முதலில் சூடேற்றி, ஒட்டிய பிறகு சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டு, பதம் வைப்பதைக் கடைசியில் செய்யச் சொல்லுங்கள்.

மூன்று, பல். தகட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் பல் வேண்டும், இரண்டு பக்கமும் வேண்டாம். பல் இல்லாத ஓரத்தால்தான் மண்ணைச் சுத்தமாகச் சீவ முடியும். ஒவ்வொரு பல்லும் நாலைந்து மில்லி ஆழம், விரல் அகலத்துக்கு இரண்டு பல் வரும்படி இருந்தால் போதும். நெருக்கமாக ரம்பம் மாதிரி வெட்டினால் செம்மண் பற்களுக்கிடையில் அடைத்துக்கொண்டு வெறும் தகடாகிவிடும். பல் வெட்டுவதைப் பதம் வைக்கும் முன்பே முடிப்பது நல்லது. பிறகு கிரைண்டரில் தீட்டும்போது ஓரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம். கொஞ்சம் தீட்டு, தண்ணீரில் நனை, மறுபடி தீட்டு.

அதற்கடுத்து அடித்து வாங்கிய கருவி எனக்குப் பிடி உட்பட ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. நாலு வருஷமாகக் கையில் இருக்கிறது.

முதல் குழி

கருவி வந்ததும் வேறு யார் வீட்டுக்கும் போகாமல் சொந்தக் கொல்லையில் பழகுங்கள். மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயத்தை ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயம் வேண்டாம், அவை காந்தம் ஒட்டும் எஃகு, டிடெக்டர் அவற்றை ஆணியோடு சேர்த்து எண்ணிவிடும். சிக்னல் வரும் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வீசிக் குறித்துக்கொண்டு, ஷவலை இரண்டடி தள்ளி வையுங்கள். எஃகு பக்கத்தில் இருந்தால் காயில் அதையே பார்த்துக் கத்தும். புதியவர்கள் பாதிப் பேர் தங்கள் ஷவலையே தேடிக்கொண்டிருப்பார்கள்.

நேர் மேலே குத்தாமல் நாலைந்து விரற்கடை தள்ளிச் சுற்றிலும் இறக்குங்கள். முனை உள்நோக்கிச் சாயாமல் செங்குத்தாகப் போகட்டும். மூன்று பக்கம் வெட்டி நாலாவது பக்கம் மெல்ல நெம்பினால் மண் ஒரே கட்டியாக எழும்பும், செம்மண் ஈரமாக இருந்தால் அல்வாத் துண்டு போல வரும். கோடையில் வராது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த இடத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி வைப்பதே உத்தி. அவசரம் இல்லாத வேலையைக் கார்த்திகை, மார்கழிக்குத் தள்ளிவைத்தால் கைக்கு நல்லது. எடுத்த மண்ணைப் பக்கத்தில் விரித்த சாக்கில் போடுங்கள், தரையில் கொட்டினால் திருகாணி சரளையோடு சரளையாகப் போய்விடும். பின்பாயிண்டர் (கைக்கடக்கமான சின்ன டிடெக்டர்) இருந்தால் முதலில் சாக்கு மண்ணில் காட்டி, பிறகு குழியில் காட்டுங்கள். சாமான் கிடைத்ததும் குழிக்குள் இன்னொரு முறை பார்க்கத் தவறாதீர்கள், தோடு கிடைத்த இடத்தில்தான் அதன் திருகும் கிடக்கும். அப்புறம் சாக்கை அப்படியே தூக்கிக் கவிழ்த்து மிதித்துவிட்டால் தோண்டிய தடமே தெரியாது. அப்படி மூடினால்தான் அந்த வீட்டு ஆச்சி அடுத்த தடவையும் கூப்பிடுவார்.

கொல்லையில் மின்சார வயர் எங்கே போகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் தகட்டை இறக்க வேண்டாம். இடிபாட்டுக் கல்லை வெறுங்கையால் புரட்டாதீர்கள், தேள் இருக்கும். கையுறை போடுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தகட்டைக் கழுவித் துணியால் துடைத்து, தேங்காயெண்ணெயோ பழைய இன்ஜின் ஆயிலோ ஒரு கை தடவி வைத்தால் துரு அண்டாது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பது காரைக்குடியில்தான். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் எழுந்த அந்த இடத்தில் உலோகம் அரிப்பதைப் பற்றி ஆண்டுக்கணக்காக ஆராய்கிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு நான் ஒரு மழைக்காலம் முழுக்க ஷவலைக் கழுவாமல் மாட்டுக்கொட்டகையில் போட்டுவைத்து, பல்லெல்லாம் பொரிந்துபோக விட்டேன். மரப்பிடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை ஆளிவிதை எண்ணெய் அல்லது வேப்பெண்ணெய். பிடி தளர்ந்து ஆட ஆரம்பித்தால் ஆப்பு அடித்து உடனே இறுக்குங்கள், 'இன்னிக்கு ஒரு நாள்' என்று விட்டால் ரிவெட் ஓட்டை பெரிதாகிவிடும்.

இன்னொன்று. பைக்கில் கொண்டுபோகும்போது தகட்டுக்கு உறை போட வேண்டும். பல் வெட்டிய எஃகு வெளியே தெரிந்தால் செக்போஸ்ட்டில் பதில் சொல்லி முடியாது, பின்னால் உட்கார்ந்திருப்பவர் தொடையும் தப்பாது. பழைய லாரி டியூப்பில் ஒரு முழம் வெட்டி, ஒரு பக்கம் மடித்து ரிவெட் அடித்தால் போதும், சைக்கிள் கடையில் செய்து கொடுப்பார்கள்.